பழைய சொகுசு கார்: வாரண்டி வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மன் சொகுசு கார் ஒன்று, 2018 மாடல், பாதி விலைக்கு வருகிறது. கூடுதல் வாரண்டிக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், கோரிமேடு

பதில்: காரின் விலைதான் பாதியாகியிருக்கிறது, உதிரிபாகங்களின் விலை அல்ல. அதனால் வாரண்டிக்கு முன் வண்டியின் பின்னணியைப் பாருங்கள். வரி குறைவு என்பதால் வெளியூர்க்காரர்கள் பலர் சொகுசு கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்தார்கள். 2017-இல் கேரளத்தில் அது வழக்கு வரை போனது. எனவே புதுச்சேரியின் பிஒய் 01 பதிவு எண்ணை மட்டும் வைத்து, வண்டி இங்கேதான் ஓடியது என்று நம்பாதீர்கள். வண்டி எந்த ஊரில் ஓடியது என்பதை சர்வீஸ் பதிவேடு சொல்லும். சென்னையில் ஓடியிருந்தால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்ததா என இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், இரவு முழுக்க நிறுத்திவிட்டு விடிந்ததும் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே உள்ள பழுதுக்கு வாரண்டி பொதுவாகக் கை கொடுக்காது. பிரேக் பேட், டயர், ரப்பர் புஷ் போன்ற தேய்மானப் பொருள்களும் அதில் சேராது.

கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், எலெக்ட்ரானிக்ஸ் மூன்றும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டு, கிளெய்ம் உச்சவரம்பும் போதுமானதாக இருந்தால் கட்டுங்கள். இல்லையெனில் அந்தப் பணத்தைப் பழுதுச் செலவுக்கென்று வங்கியில் போட்டுவையுங்கள்.