மழைக்காலத்தில் கார் ஓட்டுபவர்களுக்கு: வெள்ளத்திற்குள் போகாதீர்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். சாஆ, லாபிஸ், யோங் பெங் வட்டாரங்களில் சில மணி நேரக் கனமழையிலேயே தாழ்வான சாலைகளும் செம்பனைத் தோட்டப் பாதைகளும் நீரில் மூழ்கிவிடும். 2023 மார்ச் மாதம் சாஆ பட்டணத்திலேயே வெள்ளம் புகுந்தது. அந்த வெள்ளத்தில் ஜொகூரில் உயிரிழந்தவர்களில் ஒருவர், நீரில் அடித்துச் செல்லப்பட்ட காருக்குள் சிக்கியவர்.

கார் கனமானதுதானே, எப்படி மிதக்கும்?

காருக்குள் காற்று நிறைந்திருக்கிறது. அதனால் நீர் அதை எளிதில் மேலே தூக்கிவிடும். ஏறக்குறைய 30 செ.மீ. ஆழமே, அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள நீரே, சிறிய கார்களை மிதக்கச் செய்யலாம். 60 செ.மீ. ஆழத்தில் ஓடும் வெள்ளம் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். கலங்கிய நீருக்கு அடியில் சாலை அரித்துப் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. தினமும் போய்வரும் சாலையாக இருந்தாலும் வண்டியைத் திருப்புங்கள். முன்னால் லோரி போய்விட்டது என்பதற்காக நீங்களும் பின்தொடராதீர்கள்.

புறப்படும் முன்

• டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் டயரை மாற்றுங்கள். தேய்ந்த டயர் ஈரச் சாலையில் பிடிமானத்தை இழந்து வழுக்கும்.
• வைப்பர், பிரேக், விளக்குகளைச் சோதித்துக்கொள்ளுங்கள்.
• கைத்தொலைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். அன்றாட மருந்துகளை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

மழையில் ஓட்டும்போது

• வேகத்தைக் குறையுங்கள். முன்னால் செல்லும் வாகனத்திற்கும் உங்களுக்கும் குறைந்தது 4 விநாடி இடைவெளி விடுங்கள்.
• முன்விளக்கைப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு சிக்னல்களையும் போடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.
• சாலையே தெரியாவிட்டால், மேடான, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள்.

கார் நீரில் சிக்கிவிட்டால்

பொருள்களை எடுக்க நேரம் செலவிடாதீர்கள். சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். மின்சாரம் நிற்பதற்குள் ஜன்னலை இறக்குங்கள். முதலில் பிள்ளைகளை வெளியேற்றி, உடனே நீங்களும் வெளியேறுங்கள். நீர் உயர்ந்தபின் அதன் அழுத்தத்தால் கதவைத் திறப்பது கடினம். மேடான இடத்தை அடைந்ததும் 999-ஐ அழையுங்கள்.

காருக்குள் உறங்காதீர்கள்

வெள்ளம் வடியும் வரை இயந்திரத்தையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு உறங்குவது ஆபத்து. புகைக்குழாய் அடைபட்டாலோ கசிந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே இறங்கி வெளிக்காற்றுக்கு வந்து, உதவி கேளுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு

வெள்ள நீரில் நடந்தவர்களும், சேறு புகுந்த காரைக் கழுவுபவர்களும் எலி சிறுநீர் நோய் குறித்துக் கவனமாக இருக்க வேண்டும். புண், வெடிப்புகளை நீர் புகாதபடி மூடி, கையுறையும் பூட்ஸும் அணியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அடுத்த 30 நாள்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் இருந்தால் கிளினிக்குக் செல்லுங்கள். வெள்ள நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் இந்நோயைக் குணப்படுத்தலாம்.

வேலைக்குத் தாமதமாகப் போகலாம். வீட்டுக்குத் தாமதமாக வரலாம். உயிரோடு வந்து சேருவதே முக்கியம்.