மகப்பேறும் வேலையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்யாணமான பெண் நேர்காணலுக்குப் போனால், சான்றிதழைப் புரட்டி முடிப்பதற்குள் "ஏதும் விசேஷம் உண்டாம்மா?" என்று கேட்டுவிடுகிறார்கள். வேலையில் இருப்பவர் மாசமாக இருப்பதைச் சொன்னால், "உடம்பைப் பார்த்துக்கோம்மா, குழந்தை பிறந்ததும் பார்க்கலாம்" என்று ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள். அக்கறை போலத் தெரிந்தாலும் இது பாகுபாடுதான். சட்டத்தைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகளே இதற்குத் துணை போகின்றன.

நம்பிக்கை: பேறுகால விடுப்பு, முதலாளி மனமிரங்கித் தருவது.

உண்மை: அது உரிமை. 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்து, அதை உள்ளடக்கிய 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் உரிமை. தொழிற்சாலைகளோடு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளுக்கும் இது பொருந்தும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமும், அதற்கு மேல் 12 வாரமும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தருகிறது.

நம்பிக்கை: தினக்கூலிக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கும் இதெல்லாம் கிடையாது.

உண்மை: டெல்லி மாநகராட்சியில் தினக்கூலியாக வேலை பார்த்த பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதி பெற்ற பெண்ணுக்கு ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறுப் பலன் நிற்காது என்று 2023-ல் தெளிவாக்கியது.

நம்பிக்கை: கர்ப்பத்தைப் பற்றி நிறுவனம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

உண்மை: ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு காலத்தில் வேலைக்கு வரும் பெண்களிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் படிவத்தில் கேட்டது. தகுதிகாண் பருவத்தில் பேறுகால விடுப்பு எடுத்த ஒருவரை, படிவத்தில் தவறான தகவல் தந்ததாகச் சொல்லி நீக்கியது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது.

நம்பிக்கை: மாசமாக இருப்பவரால் வேலை செய்ய முடியாது.

உண்மை: முடியாதது சில வேலைகள் மட்டுமே. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு, பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரங்களில் அவர் கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நிற்கும் வேலையையோ கடும் வேலையையோ தரக் கூடாது. இலகுவான வேலை கொடுத்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் பணியில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்று பாரத ஸ்டேட் வங்கி கொண்டுவந்த விதி, எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரியிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

நம்பிக்கை: விடுப்பு முடிந்து வருபவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

உண்மை: பேறுகால விடுப்பில் இருப்பவரை அதற்காக வேலையிலிருந்து நீக்குவதும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம். நீக்கினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம்.

இத்தனை பாதுகாப்பும் ஒரு கையெழுத்தில் வலுவிழந்துவிடும். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால், "அவராகவே விலகினார்" என்று நிறுவனம் எளிதாகச் சொல்லிவிடும். ஆகவே சகோதரிகளே, யார் எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் அந்தக் கடிதத்தை எழுதித் தராதீர்கள். கர்ப்பம் பற்றிய தகவலையும் விடுப்பு விண்ணப்பத்தையும் எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையிடம் போங்கள். உடன் வேலை பார்ப்பவர்களே, அன்று அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.