ஃபைல் இருந்தது, தமிழைக் காணோம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடியும் என்றபோது என் டிடிபி கடை கம்ப்யூட்டருக்கு வயது ஒன்பது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது. "புதுசு வாங்குங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். அவர் ஜெராக்ஸ் கடைக்கு அப்படித்தான் வாங்கி, பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டிருந்தார். நான் லினக்ஸ் மின்ட் போட்டேன்.

பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு மாலை வேலை. பிரிண்டரை மட்டும் அப்போதே செருகி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள்.

நான் சறுக்கியது வேறு இடத்தில். பதினோரு வருடத்துக் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மனு எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டுத்தான் டிஸ்க்கை அழித்தேன். மறுநாள் லிப்ரே ஆபிஸில் ஒரு பத்திரிகையைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது.

யூனிகோடுக்கு முந்தைய பல எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஆங்கிலம்தான். பாமினியில் 'அம்மா' என்றால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே இருப்பது தமிழ் வேஷம். அந்த வேஷம் சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. அதை நான் தொடவே இல்லை. பாமினி என்றால் நெட்டில் கிடைக்கும், மாற்றிகளும் உண்டு. என்னுடையதோ காசு கொடுத்து, டாங்கிள் பூட்டோடு வாங்கியது. விற்றவர் கடையை மூடி ஆறு வருடம்.

சாம்பிள் ஆல்பம்தான் காப்பாற்றியது. அச்சான பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று மூன்று ராத்திரி நோட்டில் எழுதினேன். அதை வைத்து அண்ணன் மகன் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினான். கொம்பு உயிரை வாங்கிவிட்டது. பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். முதல் ஓட்டத்தில் எல்லாத் திருமணமும் 'நைடெபறும்' என்றது.

ஆகவே, விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுத்து வையுங்கள். பழையதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். புதியதைத் தமிழ்99 கீபோர்டு முறையில் அடியுங்கள். லினக்ஸில் அது இலவசம்.

லினக்ஸ்தான் ஃபைலைத் தின்றது என்று ஊரெல்லாம் சொன்னார் மச்சான். தின்றது பூட்டுப் போட்ட எழுத்துரு. அவர் கடையிலும் அதேதான். நேற்று போன் செய்து அந்தப் புரோகிராம் கிடைக்குமா என்றார். கொடுத்தேன். நோட்டை மட்டும் அவரையே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.