திருகோணமலையில் கரையிறங்குவோருக்கு: கப்பல், கடதாசி, கோட்டை வாசல்

உல்லாசக் கப்பலில் வந்து திருகோணமலையில் ஒரு பகல் இறங்கிப் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்பது, கொரோனா விதிகள் இன்னும் இருக்கின்றனவா என்பதைத்தான். இலங்கையில் இல்லை. தடுப்பூசி அட்டையோ பி.சி.ஆர். முடிவோ காட்டவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 டிசம்பர் 7 அன்று எடுத்துவிட்டார்கள். ஆனால் கப்பல் பயணத்துக்கு இந்தப் பதில் மட்டும் போதாது. விமானத்தில் வருகிறவர் இரண்டு நாடுகளின் விதியைப் பார்த்தால் போதும். கப்பலில் வருகிறவருக்கு ஏறும் துறை, இறங்கும் துறை, இடையிலுள்ள துறைகள் எல்லாவற்றின் விதிகளும் உண்டு. கப்பல் கம்பனியின் விதி அதற்கு மேல். இவற்றில் எது கடுமையோ அதுதான் உங்கள் விதி. திருகோணமலை ஒன்றும் கேட்காவிட்டாலும், அதற்கு அடுத்த துறை ஒரு சான்றிதழைக் கேட்டால் நீங்கள் ஏறும்போதே அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஏற்றமாட்டார்கள்.

2020 ஏப்ரலில் கொழும்புக்கு வெளியே நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஜனவரியில் ஜெனோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட எம்.எஸ்.சி. மக்னிஃபிக்கா, துறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ள, பயணிகளை இறக்க இடமின்றி ஐரோப்பாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எரிபொருளுக்காகக் கொழும்புக் கடலில் நின்றபோது, அதில் வேலை செய்த இலங்கைச் சமையல்காரர் ஒருவர் தன்னை ஊரில் இறக்கிவிடும்படி காணொளியில் வேண்டுகோள் விடுத்தார். கடற்படை அவரையும், நோயுற்றிருந்த ஜெர்மானியப் பெண்மணி ஒருவரையும் கரைக்குக் கொண்டுவந்தது. மற்ற எல்லோரும் கொழும்பைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

அதே ஆண்டு ஓகஸ்டில் மத்தியதரைக் கடலில் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. எம்.எஸ்.சி. கிராண்டியோசாவில் ஒரு நிபந்தனை இருந்தது: கரையில் இறங்கினால் கப்பல் கம்பனியின் குழுவோடு மட்டுமே திரியவேண்டும். காப்ரித் தீவுச் சுற்றுலாவில் ஒரு குடும்பம் குழுவை விட்டு விலகிப் போனது. கப்பல் அவர்களைத் திரும்ப ஏற்றவில்லை. அவர்கள் மீறியது கப்பலின் விதியை. இதனால்தான் கப்பல் கம்பனியின் 'பயண நிபந்தனைகள்' என்ற சலிப்பூட்டும் தாளை நான் எப்போதும் முதலில் வாசிக்கச் சொல்வேன். அரசாங்கம் தளர்த்தியதைக் கம்பனி தளர்த்தாமல் வைத்திருக்கலாம்.

விதிகள் எவ்வளவு வேகமாக மாறின என்று பாருங்கள். 2020 மார்ச்சில் இலங்கை விமான நிலையங்கள் வருகைக்கு மூடப்பட்டன. 2021 ஜனவரி 21 அன்று, ஏகப்பட்ட நிபந்தனைகளோடு திறந்தன. 2022 மார்ச் 1 முதல் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்குப் பி.சி.ஆர். தேவையில்லை என்றானது. டிசம்பரில் அட்டையும் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய டிஜிட்டல் கோவிட் சான்றிதழ் 2023 ஜூன் 30உடன் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 5 அன்று, கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று புறப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்கு நேரே கடல்வழியாக உல்லாசப் பயணம் போகலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

பழைய தடுப்பூசி அட்டையை என்ன செய்வது? எறியவேண்டாம். ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று யாரும் கேட்பதில்லை என்பது நாளைக்கும் கேட்கமாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. இலங்கையில் கொரோனாக் காலத்துக் கட்டுப்பாடுகளை எந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள் தெரியுமா? 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிய காலம் அது. இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டமும் அதே ஆண்டுதான். தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய நாட்களில், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த ஏழைகளை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி, அம்மைப்பால் குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே அனுப்பினார்கள். 1983க்குப் பிறகு அதே மண்டபத்துக்குத் திருகோணமலை ஆட்கள் படகில் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். கடலைக் கடக்க மருத்துவச் சான்று கேட்பது நமக்குப் புதிதல்ல.

இப்போது தேவைப்படுவது

கொரோனாவுக்குப் பிறகு அடிக்கடி மாறியது சுகாதார விதியல்ல, விசா. ஈடிஏ எனப்படும் இணையவழிப் பயண அனுமதி 2012 ஜனவரியிலிருந்து இருக்கிறது. 2024 ஏப்ரலில் அந்த வேலையை வெளிநாட்டுக் கம்பனியொன்றிடம் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது, கூச்சல் எழுந்தது. ஓகஸ்ட் 2 அன்று உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு பழைய ஈடிஏ திரும்பியது. 2025 ஒக்டோபர் 15 முதல் வருமுன்பே ஈடிஏ எடுப்பது கட்டாயம் என்று அறிவித்து, பிறகு அதையும் நிறுத்திவைத்தார்கள். ஆகவே போன வருடம் வந்துபோன மச்சான் சொல்வதை வைத்துப் பயணம் கட்டாதீர்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தைப் பாருங்கள்; முகவரி 'கவ் டொட் எல்கே' என்று முடியவேண்டும். அதே பெயர்ச் சாயலில் இரட்டைக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும்.

லண்டன், பாரிஸ், ஒஸ்லோவிலிருந்து வருகிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் திருகோணமலை என்று இருப்பது அனுமதியாகாது. இலங்கைப் பாஸ்போர்ட் அல்லது இரட்டைக் குடியுரிமைச் சான்று கையில் இருந்தால்தான் விசா வேண்டாம். மற்றவர்கள், கப்பல் பயணிகளுக்குக் கூட்டாக அனுமதி எடுக்கிறார்களா, தனித்தனியாக எடுக்கவேண்டுமா என்று கப்பல் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்ன பதில் துறைமுக வாசலில் செல்லாது. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகளைத் தொட்டு வரும் கப்பலென்றால் அந்தத் தடுப்பூசிச் சான்றையும் பாருங்கள். இது கொரோனாவுக்கு வெகு முந்திய விதி. இன்றும் உயிரோடு இருக்கிறது.

கப்பல் துறையை நெருங்கும்போது மேல்தளத்தில் நிற்க முடிந்தால் கொடிமரத்தைப் பாருங்கள். சதுரமான மஞ்சள் கொடி ஒன்று பறக்கலாம். பலர் அதை நோய்க்கொடி என்று நினைத்துப் பயப்படுவார்கள். இன்றைய சமிக்ஞை முறையில் அதன் பொருள் நேர்மாறு: கப்பலில் எல்லோரும் நலம், கரையோடு தொடர்புகொள்ள அனுமதி தாருங்கள் என்பது. கப்டன் கடல்சார் சுகாதாரப் பிரகடனம் என்றொரு படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். விபத்தில் அல்லாமல் யாராவது இறந்தார்களா, தொற்று என்று சந்தேகிக்கும்படி யாருக்காவது நோய் உண்டா, நோயாளிகளின் தொகை வழக்கத்தைவிடக் கூடுதலா என்று அது கேட்கும். சுகாதார அதிகாரிகள் அனுமதித்த பிறகுதான் பயணிகள் இறங்கலாம். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் கப்பல் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஒரு பகல் பொழுது உங்களுக்குப் போகும், உண்மைதான். மறைத்தால் கப்பல் முழுவதுக்கும் போகலாம்.

இறங்கிய பிறகு

திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பது எல்லோரும் சொல்வது. ஆனால் அதன் கரை முழுவதும் மாக்காரர், சீமெந்துக்காரர், எண்ணெய்க்காரர், கடற்படையினர் என்று பங்குபோட்டுக் கிடக்கிறது. உல்லாசக் கப்பலுக்கென்று கடைகளும் குளிரூட்டியும் வைத்த முனையத்தை எதிர்பார்க்கவேண்டாம். கப்பல் அஷ்ரப் இறங்குதுறை போன்ற சரக்குத் துறையில் கட்டப்படலாம். நடுக்குடாவில் நங்கூரமிட்டுப் படகில் கொண்டுவந்தும் இறக்கலாம். இரண்டில் எது என்று முதல்நாள் இரவே கேளுங்கள். சரக்குத் துறையென்றால் நகரத்துக்கு வாகனம் வேண்டும். வாசல்வரை கம்பனியின் பஸ்ஸில்தான் போகவிடுவார்கள். படகென்றால் ஏறி இறங்குவதிலேயே ஒரு மணித்தியாலம் போய்விடும்.

சொந்தக்காரர்களைத் துறைமுகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அது பாதுகாப்பு வலயம். வெயிலில் வாசலுக்கு வெளியே நின்று வாடுவார்கள். கோட்டை வாசலிலோ பத்திரகாளி அம்மன் கோயிலடியிலோ சந்திக்கலாம். மாமி கட்டித்தரும் மீன் கருவாடும் மிளகாய்த்தூளும் கப்பலுக்குள் போகுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் போகாது. வாசலில் வைத்து வாங்கி எறியும்போது மாமியின் முகத்தைப் பார்க்கமுடியாது.

நேரம் குறைவென்றால் பிரெட்ரிக் கோட்டையும் கோணேசர் கோயிலும் போதும். திருஞானசம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். கோட்டை வாசலில் நின்று பக்கத்துக் கல்லைப் பாருங்கள்: இரட்டை மீன் இலச்சினையும் தமிழ் எழுத்தும் செதுக்கிய துண்டு சுவரோடு சுவராக நிற்கிறது. பஸ்ஸில் வரும் குழுக்கள் அதைக் கடந்து நேரே மேலே போய்விடுகின்றன. உள்ளே இன்னும் இராணுவம் இருக்கிறது. முகாம் கட்டடங்களைப் படமெடுக்கவேண்டாம். புள்ளிமான்கள் மனிதர்களுக்குப் பழகி, கையிலுள்ள பையை மூக்கால் முட்டும். வாழைப்பழம் கொடுக்கிறவர்கள் பையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள், மான் பழத்தைப் பொலித்தீனோடு மெல்லுகிறது. பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள். மேலே, சுவாமிமலை விளிம்பில், இராவணன் வெட்டு. பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. நடுப்பகலில் போனால் கோயில் நடை சாத்தியிருக்கும், வெறுங்காலில் கல் கொதிக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.

ஓட்டோ பிடித்தால் ஏறுமுன் திரும்பி வருவதையும் சேர்த்துப் பேசுங்கள். "அண்ணா, கோயிலடியில நிண்டு திரும்ப ஹாபர் கேற்றில விட எவ்வளவு?" என்று தமிழில் கேட்டாலே விலை கொஞ்சம் இறங்கும். டொலரில் சொன்னால் ஏறும்.

நிலாவெளியும் புறாமலைத் தீவும் வேறு கணக்கு. நகரத்துக்கு வடக்கே பதினைந்து கிலோமீற்றரளவில் நிலாவெளி, அங்கிருந்து படகு. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு வேண்டும். உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. ஆனால் பருவத்தைப் பாருங்கள். கிழக்கில் கடல் அமைதியாக இருப்பது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை; திமிங்கிலம் பார்ப்பதும் அந்த நாட்களில்தான். ஐரோப்பியக் கப்பல்கள் பெரும்பாலும் தங்கள் குளிர்காலத்தில், நவம்பர் முதல் மார்ச்சுக்குள் வரும். அது இங்கே வடகீழ்ப் பருவமழை. பவளப்பாறை பார்க்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தாலும் டிசம்பரில் காசைக் கட்டாதீர்கள். அந்த மாதங்களில் நுளம்பும் கூட. டெங்குக்குப் பயந்து கையை மூடிய சட்டை போடுங்கள்.

மழைக்காலத்தில் வந்தவர்களுக்கு நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறை நல்ல இடம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. முதல்நாள் இரவே இங்கிருந்து வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் ஹூட் கோபுரமும் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதியின்றிப் போகமுடியாது. கம்பனியின் சுற்றுலாவில் சேர்த்திருந்தால் மட்டும் போங்கள். ஒரு பகலில் நீங்களாக அனுமதி வாங்கி முடியாது.

காப்புறுதி எடுக்கும்போது 'கப்பல் பயணம்' என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல அதை விட்டுவிடும். நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. பெரிய சிகிச்சையென்றால் கொழும்பு, வீதியால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கப்பலில் தனிமைப்படுத்தப்பட்டால் அறைக் கட்டணம் யார் தலையில், கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைக்கு யார் செலவில் போவது என்ற இரண்டு கேள்விக்கும் காப்புறுதித் தாளில் பதில் இருக்கவேண்டும்.

கடல் கொந்தளித்தால் கப்டன் திருகோணமலையை விட்டுவிட்டு நேரே அடுத்த துறைக்குப் போய்விடலாம். அந்த உரிமை எல்லாக் கம்பனிகளின் நிபந்தனையிலும் உண்டு. காத்திருக்கும் உறவினரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். வந்து இறங்கினால், திரும்ப ஏறும் நேரத்தைக் கப்பல் மணிக்கூட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கப்பல்கள் இலங்கை நேரத்துக்கு மாறுவதில்லை, போன் தானாக மாறிவிடும்.