மின்சாரம் போய்ப் போய் வந்தாலும் எழுந்து நிற்கிற ரவுட்டர்

இணைய நிறுவனம் வீட்டில் மாட்டிவிட்டுப் போன பழைய ரவுட்டர் ஒன்று இருக்கிறது, ரவுட்டர்களுக்கான திறந்த லினக்ஸ் ஃபர்ம்வேரான ஓப்பன்டபிள்யுஆர்டியின் பட்டியலில் அந்த மாடல் இல்லை, டிரைவர் எழுதக் கற்றுக்கொண்டால் ஏற்றிவிடலாமா? மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் மாணவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. ஏற்றலாம். ஆனால் பெரும்பாலும் டிரைவர் எழுத வேண்டியிருக்காது. மீடியாடெக், அதெராஸ் சிப்புகளுக்கு டிரைவர்கள் ஏற்கெனவே லினக்ஸ் கர்னலில் உள்ளன. இந்த போர்டில் எந்தக் காலில் எந்த விளக்கு, எந்த முகவரியில் எந்தப் பகுதி என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்புதான் இருக்காது. அதை எழுதுவதுதான் உங்கள் வேலை. அதைவிடப் பெரிய வேலை, எழுதியது நம் ஊர் மின்சாரத்தில் தாங்குகிறதா என்று பார்ப்பது.

இதைச் சொல்ல நமக்குப் பக்கத்திலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் சேர்ந்து, 2000களின் நடுவில் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபையால் இணைத்தார்கள். நோயாளி மையத்தில் உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கும் மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். 15 கிலோமீட்டரை ரேடியோ அலை கடக்க 50 மைக்ரோநொடி ஆகும். பொட்டலம் கிடைத்ததற்கான ஒப்புகை திரும்பி வர இன்னொரு 50. சாதாரண வைஃபை அவ்வளவு நேரம் காத்திருக்காது, தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். அதனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புகை என்ற முறையை அந்தக் குழு நிறுத்தி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு மாற்றியது. வேகம் 2 முதல் 5 மடங்கு வரை கூடியதாக 2007இல் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அவர்களே எழுதிய கட்டுரைதான் எனக்கு முக்கியம். களத்தில் அவர்களைப் படுத்தியது ரேடியோ அல்ல. பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் தரமற்ற மின்சாரம்: திடீர் ஏற்றம், நீண்ட நேரத் தாழ்வு, பாதி எழுதும்போது கெட்டுப்போன மெமரி கார்டு. டிரைவர் எழுதக் கிளம்புகிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையை முதலில் படிக்க வேண்டும்.

சரி, பெட்டியைத் திறங்கள். ஃபிளாஷ் சிப்பின் மேல் 25கியூ128 என்று இருந்தால் அது 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. 25கியூ64 என்றால் 8 எம்பி. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள பெட்டியில் உழைப்பைப் போடாதீர்கள். ஓப்பன்டபிள்யுஆர்டியின் 19.07 பதிப்போடு அவற்றின் காலம் முடிந்துவிட்டது. பிராட்காம் வைஃபை இருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள், திறந்த டிரைவர் சரியாக அமையாது.

போர்டில் வரிசையாக நான்கு துளைகள் தெரியும், அதுதான் சீரியல். மல்டிமீட்டரில் கிரவுண்டைக் கண்டுபிடித்து, கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றை மட்டும் இணையுங்கள், டிஎக்ஸும் ஆர்எக்ஸும் குறுக்காக. நான்காவதான விசிசியைத் தொடவே வேண்டாம். யுஎஸ்பி அடாப்டர் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும். வேகம் பெரும்பாலும் 115200. பழைய மீடியாடெக் சிப்புகளில் திரையில் குப்பையாக வந்தால் 57600 வைத்துப் பாருங்கள். ஒரிஜினல் ஃபர்ம்வேர் பூட் ஆகும்போது ஃபிளாஷின் பகுதிகளை முகவரியோடு அச்சடிக்கும். உங்கள் டிவைஸ் ட்ரீயில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

எதையும் எழுதும் முன் ஃபிளாஷ் முழுவதையும் பேக்கப் எடுங்கள். ஃபேக்டரி அல்லது ஆர்ட் என்ற பெயரில் ஒரு சின்னப் பகுதி இருக்கும். அந்த ஒரு பெட்டிக்கென்றே ஆலையில் அளந்து வைத்த வைஃபை கேலிப்ரேஷனும் மேக் முகவரியும் அதில்தான். அது அழிந்தால் அதே மாடல் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாலும் சரியாகப் பொருந்தாது. டிவைஸ் ட்ரீயில் அந்தப் பகுதியை ரீட்-ஒன்லி என்று குறித்துவிடுங்கள். முதல் சோதனைகளை, டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக ரேமில் ஏற்றியே நடத்துங்கள். லேன் போர்ட்டுகள் வரிசை மாறியிருப்பதும், விளக்கு தலைகீழாக எரிவதும் ஃபிளாஷைத் தொடாமலே சரியாகிற சங்கதிகள்.

இனி, பலரும் பார்க்காமல் விடுகிற இடம். 16 எம்பிக்கு மேற்பட்ட ஃபிளாஷில் முகவரிக்கு 3 பைட் போதாது. சில சிப்புகளைக் கர்னல் 4 பைட் முறைக்கு மாற்றிவிடும். திடீரென்று ரீசெட் ஆனால் சிபியு 3 பைட்டில் கேட்கும், ஃபிளாஷ் 4 பைட்டுக்குக் காத்திருக்கும், பெட்டி அப்படியே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் எழும். இதற்காக ‘ப்ரோக்கன்-ஃபிளாஷ்-ரீசெட்’ என்றொரு குறிப்பை டிவைஸ் ட்ரீயில் போடுவார்கள். முறையாக ரீபூட் செய்யும்போது அது உதவும். தொங்கிப்போன பெட்டியை வாட்ச்டாக் டைமர் தானாக ரீசெட் செய்தால் உதவாது, எதிர்பாராத ரீபூட்டில் மீளாமல் போகலாம் என்று கர்னலே எச்சரிக்கை அச்சடிக்கிறது. மேசையில் இருக்கும் பெட்டிக்கு இது சின்ன விஷயம். உசிலம்பட்டி தாண்டி ஒரு டவரின் மேல் இருக்கும் பெட்டிக்கு, ஒரு ஆள் பஸ் ஏறிப் போய் ஏற வேண்டும். முறையை மாற்றாமலே 4 பைட் கட்டளை ஏற்கும் ஃபிளாஷ் உள்ள போர்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. எது உங்களிடம் இருக்கிறது என்று அறிய, கர்னலை வேண்டுமென்றே பேனிக் ஆக்கிப் பாருங்கள். தானே எழ வேண்டும்.

அதோடு கல்லூரி எலக்ட்ரிக்கல் லேபில் இருக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் அடாப்டரைச் செருகி, லேப் பொறுப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வோல்டேஜை மெல்ல இறக்குங்கள். எந்த அளவில் தடுமாறுகிறது, மறுபடி ஏற்றும்போது எழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பூட் பாதியில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்குவதையும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பதிவுகளை ஃபிளாஷில் எழுதாமல் ரேமிலேயே வைத்திருப்பது சில கோளாறுகளைத் தவிர்க்கும்.

நீண்ட தூர இணைப்புக்கு இன்று தனி டிரைவர் தேவையில்லை. ஏடிஎச்9கே டிரைவரில் தூரத்தை மீட்டரில் கொடுத்தால் ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரத்தைத் தானே நீட்டிக்கொள்ளும். நாட்டுக் குறியீட்டில் இந்தியாவையே வையுங்கள். சக்தியைக் கூட்டுவதற்காக வேறு நாட்டைப் போடுவது சட்டத்துக்குப் புறம்பு, பக்கத்து இணைப்பையும் கெடுக்கும்.

கடைசியாக, முடித்ததை உங்கள் லேப்டாப்பிலேயே வைத்திருக்காதீர்கள். தேனியில் ஓடியது மேட்வைஃபை என்ற டிரைவரின் மேல் செய்த மாற்றம். அந்த டிரைவரின் உள்ளே ஒரு மூடிய பகுதி இருந்தது, லினக்ஸ் கர்னல் அதை ஏற்கவே இல்லை. தேனிக் குழுவின் அருமையான மாற்றமும் கர்னலுக்குள் போகவில்லை. 2008இல் கர்னலுக்குள் வந்த ஏடிஎச்9கே இன்றும் ஓடுகிறது, அதன் மாற்ற வரலாற்றைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்கள் நிறையக் கிடைக்கும். உங்கள் பெயரும் அப்படியொரு வரலாற்றில் சேரட்டும். கமிட் குறிப்பில் சிப், ஃபிளாஷ், ரேம் அளவு, சீரியல் துளைகளின் வரிசை, ஏற்றும் முறை, பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பும் முறை எல்லாவற்றையும் எழுதி, பெயரோடு கையொப்ப வரியும் போட்டு ஓப்பன்டபிள்யுஆர்டி திட்டத்துக்கு அனுப்புங்கள். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கோபப்படாமல் திருத்தி மறுபடி அனுப்புங்கள். எத்தனை வோல்ட்டில் பெட்டி தடுமாறியது என்ற அந்த ஒரு வரியை மட்டும், யாரும் கேட்காவிட்டாலும், குறிப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.