தாளைக் காக்கும் வேதியியல்

ஏடு காத்த பெரியோரைப் போற்றுகிறோம். தாள் காப்போரை நாம் அறிவதில்லை. டாக்டர் உ.வே.சாமிநாதையர் இளமையில் அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் பயின்றவர். நம் வட்டாரத்துக் குன்னத்திலும் தங்கிப் பாடம் கேட்டவர். அச்சிறுவர் பின்னாளில் ஊர் ஊராய்ச் சென்று ஓலைச் சுவடிகளைத் தேடி, 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். கரையானுக்கு இரையாகவிருந்த இலக்கியம் தாளில் ஏறிப் பிழைத்தது. அந்தத் தாள் எத்தனை காலம் வாழும்? படித்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு, வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்விக்கு விடை காண முயல்கிறேன்.

தாளின் உட்பகை

தாளுக்குப் புறப்பகை பல. இராமபாணப் பூச்சி, கரையான், ஈரம், பூசணம், வெயில் ஆகியவற்றை நாம் கண்ணால் காணலாம். கண்ணுக்குத் தெரியாத உட்பகை ஒன்றுண்டு, அது அமிலம்.

தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். செல்லுலோஸோ குளுக்கோஸ் கண்ணிகள் பல நூறாய், ஆயிரமாய்க் கோத்த நீண்ட சங்கிலி. முற்காலத்து ஐரோப்பாவில் கந்தல் துணியைக் கூழாக்கித் தாள் செய்தனர். அத்தாள் நூற்றாண்டுகள் கடந்தும் உறுதியாக இருக்கிறது. 1807இல் ஜெர்மானியரான இல்லிக் என்பவர், மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்க்கும் முறையை வெளியிட்டார். 1844இல் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். தாள் மலிவாயிற்று, ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கும் புத்தகம் வந்தது.

அந்த மலிவுக்குள் ஒரு கேடும் இருந்தது. படிகாரத்திலும், பின்னர் அதற்கு மாற்றாக வந்த அலுமினியம் சல்பேட்டிலும் உள்ள அலுமினியம் ஈரத்தோடு வினைபுரிந்து அமிலத்தன்மையைத் தருகிறது. அமிலம் உடனிருக்க, நீர் செல்லுலோஸ் சங்கிலியை ஆங்காங்கே துண்டிக்கிறது. நம் பாடநூலில் வரும் நீராற்பகுப்பு இதுவே. அமிலம் இங்கு வினையூக்கி. ஒரு கண்ணியை அறுத்தபின் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த கண்ணிக்குச் செல்கிறது. சங்கிலி குறுகக் குறுகத் தாள் பழுப்பேறி, மடித்தால் அப்பளமாய் நொறுங்குகிறது.

அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1900 முதல் 1949 வரை வெளியான 500 நூல்களின் தாளைச் சோதித்து, 1959இல் முடிவை வெளியிட்டார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இன்னும் ஐம்பதாண்டு கூடத் தாங்கா என்பதே அவர் கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மூட்டப்பட்ட தீ ஏறத்தாழ 97,000 நூல்களைச் சாம்பலாக்கியது. உலகத் தமிழர் கண்ணீர் வடித்தனர். அமிலமும் ஒரு தீயே. மெல்ல எரிவதால் எவரும் கூக்குரலிடுவதில்லை. தமிழ் நூல்கள் பெருமளவில் அச்சேறிய காலமும் இந்த அமிலத் தாளின் காலமும் ஒன்றாக அமைந்தது நம் தீயூழ் எனலாம்.

பணிக்கூடத்தில் நடப்பவை

கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா ஒரு பேராசிரியர் அல்லர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழம் புத்தகங்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் பல்லாண்டுகள் அவர் சேகரித்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இத்தகைய அரிய நூலகங்களில் தாள் பாதுகாப்பாளரின் பணி இன்றியமையாதது.

நோயாளியைப் போலவே நூலையும் முதலில் சோதிக்கின்றனர். பக்கங்களை எண்ணி, கிழிசலையும் கறையையும் குறித்துக்கொண்டு, மென்தூரிகையால் தூசி நீக்குகின்றனர். மையின் ஓரத்தில் ஒரு துளி நீரிட்டு, அது கரைகிறதா என்று பார்க்கின்றனர். கரையும் மையானால் நீர்ச் சிகிச்சை கூடாது. பி.எச். எண் 7க்கு மிகவும் கீழே இருந்தால் அமிலம் நீக்க வேண்டும். பிறகு, முசுக்கொட்டை இனத்து மரப்பட்டை நாரால் ஆன மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டிக் கிழிசலை மூடுகின்றனர். இப்பசையை ஈரப்படுத்தினால் மீண்டும் பிரிக்கலாம். நாளை இதைவிட நல்ல வழி பிறந்தால், இன்று செய்ததை நீக்க இயல வேண்டும் என்பது இத்தொழிலின் தலையாய விதி.

சுண்ணாம்பின் தொண்டு

அமிலத்தைப் போக்கும் மருந்து எது? நம் அரியலூர் மண்ணைக் கேட்டால் சொல்லும். இங்கு முன்னொரு காலத்தில் கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. அக்கல்லை வெட்டித்தான் நம் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. அதே கால்சியம் சேர்மங்களையே பாரோவும் கையாண்டார். தாளைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைத்து அமிலத்தை நடுநிலையாக்கினார்; அடுத்துக் கால்சியம் பைகார்பனேட் கரைசலில் நனைத்தார். தாளில் எஞ்சிய சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக மாறி இழைகளுக்கிடையே தங்கியது. பின்னால் தோன்றும் அமிலத்தையும் அது எதிர்கொள்ளும். இதற்குத் தூய ஆய்வுக்கூட வேதிப்பொருள் தேவை. வெற்றிலைச் சுண்ணாம்பு உதவாது. இன்று நல்ல எழுதுதாள் பலவற்றில் உற்பத்தியின்போதே கால்சியம் கார்பனேட் சேர்க்கப்படுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இச்சிகிச்சை மேலும் அறுபடுவதைத் தடுக்கும்; அறுந்த சங்கிலியை ஒட்டவைக்காது. ஆகையால் காலம் தாழ்த்தலாகாது.

நம் வீட்டுத் தாள்கள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் பழம் புத்தகம் என்று எதுவும் இல்லை. இருக்கும் பழந்தாள் ஒன்றே: தாத்தா வாங்கிய முக்கால் ஏக்கர் மானாவாரி நிலத்தின் கிரயப் பத்திரம். தகரப் பெட்டிக்குள் நான்காய் மடித்து வைத்ததால், மடிப்பு வழியே அது நான்கு துண்டாகி நிற்கிறது. அரசன் நூலகத்துச் சுவடியும் கூலிக்காரன் பத்திரமும் ஒரே செல்லுலோஸால் ஆனவை. ஒரே விதமாய் அழிகின்றன.

ஆதலின் மாணவத் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சான்றிதழையும் பத்திரத்தையும் சூடேற்றி லேமினேஷன் செய்யாதீர்கள். பிசின் இழைக்குள் இறங்கிவிட்டால் பிரிப்பது அரிது. கிழிசலில் செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பேறித் தாளைக் கறையாக்கும். மடிப்பை விரித்து, பாலியெஸ்டர் உறையில் வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அதுவே அமிலத்தை வெளிவிடும்.

பி.எஸ்சி. முடித்தால் ஆலை வேலை அல்லது ஆசிரியர் வேலை என்றே நாம் எண்ணுகிறோம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே வேதிப் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. அதை நிறுவி நடத்திய எஸ். பரமசிவன் ஒரு வேதியியலார். நம் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் அமில கார நடுநிலையாக்கம் தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதன்று. கொள்ளிடத்திற்கு அப்பால் தஞ்சை சரசுவதி மகாலிலும், சென்னை நூலகங்களிலும், நம் வீட்டுத் தகரப் பெட்டிகளிலும் அதற்கு வேலை காத்திருக்கிறது. தமிழ் படித்தோர் ஏட்டிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்ததை, அறிவியல் படிப்போர் தாளிலே வாழவைக்கும் பொறுப்பை ஏற்போமாக!