மீன் தொட்டி ஹீட்டர்: எத்தனை வாட் கொடுப்பது?

மளிகைக் கடையில் மீன் தீவனப் பொட்டலம் தொங்குவது இன்று புதுமையல்ல. தீவனம் வாங்க வருகிறவரே மார்கழிக் குளிர் தொடங்கியதும் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்கிறார். தீவனத்தோடு அதையும் நாம் மொத்தமாகக் கொடுத்து வருகிறோம். அதில் பட்ட அடியையும் கற்ற கணக்கையும் இங்கே எழுதுகிறோம்.

எல்லாத் தொட்டிக்கும் ஹீட்டர் வேண்டியதில்லை. தங்கமீன் குளிர்ந்த நீரிலேயே நன்றாக வாழும். அதை வளர்ப்பவரிடம் ஹீட்டரை விற்பது வியாபாரமாகாது. கப்பி, டெட்ரா, ஃபைட்டர் போன்றவற்றுக்கு 24 முதல் 27 டிகிரி போதும் என்பதால், சமவெளியில் பெரும்பாலான மாதங்களில் அவற்றுக்கும் தேவைப்படாது. 28 முதல் 30 டிகிரி கேட்கும் டிஸ்கஸ் வளர்ப்பவர்களும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்க்காரர்களுமே இதற்கு நிலையான வாடிக்கையாளர்கள்.

அடுத்து, தொட்டியின் அளவைக் கேளுங்கள். நீள, அகல, உயரங்களை அடியில் பெருக்கி, வருவதை 28ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 50 லிட்டர் என்று கொள்ளலாம். அறையை விட நீர் 5 டிகிரி சூடாக இருக்க வேண்டுமானால் லிட்டருக்கு 1 வாட், 10 டிகிரி என்றால் 2 வாட். ஆக, இதே தொட்டிக்குச் சென்னையில் 50 வாட், மலையில் 100 வாட்.

"பெரிதாகவே இருக்கட்டுமே" என்று வாடிக்கையாளர் சொல்வார். நாமும் அப்படி நினைத்தவர்கள்தாம். குன்னூர்க் கடைக்காரர் ஒருவர் 2 அடித் தொட்டிக்குக் கேட்டபோது 100 வாட் கையிருப்பில் இல்லை. ஆர்டரை விட மனமின்றி 300 வாட் அனுப்பினோம். சில வாரங்களில் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டு, இரவு முழுவதும் மின்சாரம் ஓடியிருக்கிறது. விடிந்தபோது ஒரு மீனும் மிஞ்சவில்லை. மீன் விலையை நாமே கொடுத்தோம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கடைக்காரர் சொன்னதற்கு நம்மிடம் பதில் இல்லை. அவரும் பிறகு நம்மிடம் சரக்கு எடுக்கவில்லை.

50 லிட்டர் நீரை 300 வாட் ஹீட்டர் மணிக்கு 5 டிகிரி வரை ஏற்றிவிடும். 100 வாட் என்றால் 2 டிகிரிக்கும் குறைவு. அதிலும் நீர் சூடாகச் சூடாக ஏற்றம் தணியும். பழுதானாலும் கவனித்துப் பிடுங்க அவகாசம் கிடைக்கும். அதனால்தான் பெரிய தொட்டிக்கு ஒரே 300 வாட்டுக்குப் பதில் இரண்டு 150 வாட் கொடுப்பது மேல். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் நீர் கொதிக்காது. ஒன்று நின்றுபோனாலும் மீன் விறைக்காது. கடைக்கும் இரண்டு உருப்படி விற்கும் என்பது வேறு விஷயம்!

கூடவே ஒரு தெர்மாமீட்டரையும் கொடுங்கள். ஹீட்டரில் அச்சிட்ட டிகிரியும் நீரின் டிகிரியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஃபில்டர் நீர் ஓடும் பக்கமாக ஹீட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். நீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் வெளியே தெரிந்தபின் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். விரிசல் விட்டதை ஒருபோதும் திரும்பப் போடக்கூடாது. தொட்டியில் கை வைக்குமுன் சுவிட்சை அணைப்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மின் கட்டணம் கேட்பவருக்கு: 100 வாட் ஹீட்டர் மொத்தம் 10 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டால் அதுவும் குறையும்.

இப்போது நம் கிடங்கிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியிலும், சமவெளிக்கு இத்தனை லிட்டர், மலைக்கு இத்தனை லிட்டர் என்று பேனாவால் எழுதியே அனுப்புகிறோம். கேட்ட வாட் இல்லையென்றால் ஆர்டரை நிறுத்தி வைக்கிறோம்.